நிலத்தடி நீரில் பெட்ரோலிய மாசின் பரவலும் கணிப்பொறி மாதிரிகளின் வரம்பும்: பெமிட்ஜி எண்ணெய்க் கசிவை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

நிலத்தடி நீரில் கலந்த பெட்ரோலியம் எவ்வளவு தொலைவு செல்லும், எப்போது நிற்கும் என்னும் வினாக்களுக்கு இன்று கணிப்பொறி மாதிரிகளைக் கொண்டே விடை காணப்படுகிறது. அவ்விடைகள் மாசுநீக்கத் திட்டங்களுக்கும் நீதிமன்ற வழக்குகளுக்கும் சான்றாகின்றன. பெரும்பாலான எளிய மாதிரிகள் மாசின் சிதைவை மாறாத வேகம் உடையதாகக் கொள்கின்றன. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பெமிட்ஜி நகருக்கு அருகே 1979இல் நிகழ்ந்த எண்ணெய்க் கசிவின் நீண்டகால ஆய்வுகள், அக்கொள்கை மண்ணில் தீர்ந்துபோகக்கூடிய ஒரு கையிருப்பைத் தீராததாகக் கருதுகிறது என்பதைக் காட்டுகின்றன. மாதிரியின் கணக்கமைப்பு, அதன் உள்ளீடுகளின் உறுதியின்மை, கண்காணிப்புக் கிணறுகள் மறைக்கும் செய்தி ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. மணலுக்கு உருவான கணக்கைச் சுண்ணாம்புப் பாறைக்குக் கொண்டுசெல்வதில் உள்ள இடர் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தை முன்னிட்டு இறுதிப்பகுதியில் பேசப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நிலத்தடி நீர், பெட்ரோலிய மாசு, கணிப்பொறி மாதிரி, உயிரிச் சிதைவு, நீர்த்தாங்கி, பெமிட்ஜி, சுன்னாகம்.

முன்னுரை

ஆற்றில் எண்ணெய் கலந்தால் கண்ணுக்குத் தெரியும். நிலத்துக்குள் கலந்தால், கிணற்று நீரில் வாடை வரும்வரை யாருக்கும் தெரிவதில்லை. வாடை வந்த பிறகும், மாசு எங்கே தொடங்கியது, எத்திசையில் நகர்கிறது, அடுத்து எந்தக் கிணற்றை எட்டும் என்பவை தெரியா. துளையிட்டுப் பார்க்கலாம், ஆனால் ஒவ்வொரு துளையும் ஒரு புள்ளியின் செய்தியை மட்டுமே தரும். அப்புள்ளிகளுக்கு இடைப்பட்ட வெளியையும், இனி வரும் ஆண்டுகளையும் நிரப்புவதற்காகவே கணிப்பொறி மாதிரி பயன்படுத்தப்படுகிறது.

தமிழில் இத்துறையைப் பற்றிய எழுத்து மிகக் குறைவு. கலைச்சொற்களும் நிலைபெறவில்லை. நீரைத் தேக்கித் தன்னூடே செல்லவிடும் மண் அல்லது பாறை அடுக்கை 'நீர்த்தாங்கி' என்றும், மாசு மூலத்திலிருந்து நீரோட்டத் திசையில் நீண்டு கிடக்கும் மாசுற்ற நீர்ப்பகுதியை 'மாசுத்தாரை' என்றும் இக்கட்டுரை வழங்குகிறது. தாரை என்னும் சொல் ஒழுக்கையும் நீட்சியையும் ஒருங்கே சுட்டுவதால் அது தேர்ந்துகொள்ளப்பட்டது. மாதிரிக்குள் இடப்படும் மண்ணின் இயல்பெண்கள் 'அளபுரு' எனப்படுகின்றன.

பெமிட்ஜி: நிகழ்வும் களமும்

1979ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், பெமிட்ஜி நகருக்கு வடமேற்கே நிலத்தடியில் சென்ற கச்சா எண்ணெய்க் குழாய் ஒன்று உடைந்தது. ஏறத்தாழ 17 இலட்சம் லிட்டர் எண்ணெய் வெளியேறிச் சுற்றுப்புறத்தில் தெறித்தது. தாழ்வான இடங்களில் தேங்கியது. இறைத்தும், எரித்தும், மண்ணை அகழ்ந்தும் பெரும்பகுதி அகற்றப்பட்டது. ஆயினும் ஏறத்தாழ 4 இலட்சம் லிட்டர் எண்ணெய் மணலுக்குள் இறங்கி நீர்மட்டத்தை அடைந்தது.

அந்த இடம் பனியாறு உருகிய நீர் கொண்டுவந்து படியவைத்த மணலும் சரளையும் நிறைந்தது. அருகில் குடியிருப்பு நெருக்கம் இல்லை. எண்ணெயின் வகை தெரியும். உடைந்த நாளும் தெரியும். மாசு ஆய்வில் இவையனைத்தும் ஒருங்கே கிடைப்பது அரிது. பெரும்பாலான இடங்களில் கசிவு எப்போது தொடங்கியது என்பதே வழக்காக இருக்கும். 1983 முதல் அமெரிக்க நிலவியல் அளவைத் துறை இக்களத்தைத் தொடர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. நிலத்தில் விடப்பட்ட எண்ணெயை இயற்கை எவ்வாறு கையாள்கிறது என்பதைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்ந்த களங்கள் உலகில் மிகச் சிலவே.

எண்ணெய் நீரைவிட இலேசானது; ஆகவே நீர்மட்டத்தின்மேல் மிதக்கும் என்பது பொதுவான கருத்து. அது பாதி உண்மை. மணற்பரல்களின் இடைவெளிகளில் எண்ணெய், நீர், காற்று ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் இடம்பிடித்திருக்கும். எண்ணெய் ஒரு மெல்லிய படலமாகப் பரவி நிற்பதில்லை. நுண்மணல் உள்ள இடத்தில் ஒருவிதமாகவும் பருமணல் உள்ள இடத்தில் வேறுவிதமாகவும் சிக்கி நிற்கும். நீர்மட்டம் பருவந்தோறும் ஏறி இறங்கும்போது எண்ணெயின் ஒரு பகுதி நீருக்கடியிலும் அகப்பட்டுக்கொள்ளும். களத்தில் அளந்த எண்ணெய்ப் பரம்பலை மாதிரியில் மீட்டுருவாக்க முயன்றபோது, மணல் முழுமைக்கும் ஒரே சராசரி இயல்பைக் கொடுப்பது போதவில்லை. இடத்துக்கு இடம் மாறும் நீர்க்கடத்துதிறனையும் அகப்படுதலையும் சேர்த்த பிறகே மாதிரி களத்தை ஒத்து வந்தது. இறைத்து எடுத்துவிடலாம் என்னும் நம்பிக்கை ஏன் பொய்க்கிறது என்பதையும் இதுவே விளக்குகிறது. பெமிட்ஜியில் 1999இல் தொடங்கிச் சில ஆண்டுகள் மீண்டும் எண்ணெய் இறைக்கப்பட்டது. அதன் பின்னரும் எண்ணெய் எஞ்சியே நின்றது.

இவ்வாறு சிக்கி நிற்கும் எண்ணெயின் ஊடாகவும் அடியிலும் நிலத்தடி நீர் ஓயாது கடந்து செல்கிறது. கடக்கும்போது பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் முதலிய கரையக்கூடிய சேர்மங்களை எடுத்துச் செல்கிறது. எண்ணெய் நின்ற இடத்திலேயே நிற்க, அதன் சாரம் மாசுத்தாரையாக நீள்கிறது. குடிநீருக்கு வரும் கேடு முதன்மையாக இத்தாரையால்தான்.

மாதிரி என்ன செய்கிறது

நிலத்தடி நீரோட்டக் கணக்கின் அடிப்படை, பிரான்சு நாட்டுப் பொறியாளர் ஆன்றி தார்சி 1856இல் திழோன் நகரில் மணல் வடிகட்டிகளைக் கொண்டு கண்டறிந்த விதியாகும். ஓட்டம் நீர்மட்டச் சரிவுக்கும் மண்ணின் நீர்க்கடத்துதிறனுக்கும் நேர்விகிதத்தில் அமையும் என்பது அவ்விதி. கணிப்பொறி மாதிரி நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பகுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் வரும் நீர், வெளியேறும் நீர், தங்கும் நீர் ஆகியவற்றின் கணக்கு ஒத்துவர வேண்டும். இத்தகைய ஆயிரக்கணக்கான சமன்பாடுகளை ஒருசேரத் தீர்ப்பதே நிரலின் வேலை. அமெரிக்க நிலவியல் அளவைத் துறை 1980களில் வெளியிட்ட 'மோட்ஃப்ளோ' இன்றும் இதற்கு மிகப் பரவலாகப் பயன்படுகிறது.

நீரோட்டம் கிடைத்த பிறகு மாசின் கணக்கு தொடங்கும். அதில் நான்கு செயல்கள் கலந்துள்ளன. மாசு நீரோடு பெயர்கிறது. வழியில் மணற்பரல்களைச் சுற்றி வளைந்து செல்வதால் பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் விரிந்து பரவுகிறது. ஒரு பகுதி மண்ணின் கரிமப்பொருளால் பரப்புக் கவரப்பட்டுத் தாமதமாகிறது. மற்றொரு பகுதி நுண்ணுயிர்களால் சிதைக்கப்படுகிறது. முதல் மூன்றும் பௌதிகச் செயல்கள் அல்லது அவற்றை ஒட்டியவை. அவற்றின் அளபுருக்களைக் களத்திலோ ஆய்வகத்திலோ ஓரளவு அளந்துவிடலாம். நான்காவதே சிக்கலானது, முடிவைத் தீர்மானிப்பதும் அதுவே.

ஓர் எளிய கணக்கால் இதை விளக்கலாம். இவை எந்தவொரு களத்தின் அளவீடுகளும் அல்ல. விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்ட எண்கள். நீர்க்கடத்துதிறன் நாளொன்றுக்கு 10 மீட்டர், நீர்மட்டச் சரிவு 1000 மீட்டருக்கு 2 மீட்டர், நீர் செல்லும் இடைவெளியின் பங்கு 0.3 என்க. கடத்துதிறனைச் சரிவால் பெருக்கி இடைவெளிப் பங்கால் வகுத்தால் நீரின் வேகம் நாளொன்றுக்கு 0.067 மீட்டர், அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 24 மீட்டர். மூலத்தில் பென்சீனின் அளவு லிட்டருக்கு 5000 மைக்ரோகிராம் எனக் கொள்வோம். அமெரிக்கக் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய ஏறத்தாழப் பத்து அரைவாழ்வுக் காலங்கள் வேண்டும். பரவலைத் தவிர்த்து, நீரில் கரைந்த பகுதி மட்டுமே சிதைகிறது எனக் கொண்டால், அரைவாழ்வுக் காலம் 6 மாதமாயின் தாரை 120 மீட்டரில் வரம்புக்குள் வரும். ஓராண்டாயின் 240 மீட்டர். ஈராண்டாயின் 480 மீட்டர். மூலத்திலிருந்து 300 மீட்டர் தொலைவில் ஒரு குடிநீர்க் கிணறு இருப்பின், அது தப்புமா என்பது முழுவதும் இந்த ஓர் எண்ணைச் சார்ந்திருக்கிறது.

அந்த எண் எங்கிருந்து வருகிறது? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1996இல் வெளியிட்ட 'பயோஸ்கிரீன்' என்னும் எளிய மாதிரியின் கையேடு, பென்சீனின் அரைவாழ்வுக் காலத்துக்கு 0.02 ஆண்டு முதல் 2 ஆண்டு வரையிலான வீச்சைத் தருகிறது. மேற்கண்ட கணக்கில் கீழெல்லையை இட்டால் தாரை 5 மீட்டரில் முடிந்துவிடும். மேலெல்லையை இட்டால் 480 மீட்டர் செல்லும். கையேட்டின் மீது குறையில்லை. களத்துக்குக் களம் உண்மையாகவே வேறுபடும் ஒன்றை அது அவ்வாறே சொல்கிறது. வீச்சில் ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, எடுத்த காரணத்தைச் சொல்லாமல் அறிக்கை எழுதுவதிலேயே குறை இருக்கிறது.

பரப்புக் கவர்தலைப் பற்றி ஒரு குறிப்பு. அது மாசு வந்துசேரும் காலத்தைத் தாமதப்படுத்துகிறது. ஆனால் மேற்சொன்ன எடுகோளின்படி, தாரை இறுதியில் நிலைகொள்ளும் தொலைவை மாற்றுவதில்லை. 'மண் பிடித்துக்கொள்ளும்' என்னும் ஆறுதல் காலத்தைப் பற்றியதேயன்றித் தொலைவைப் பற்றியதன்று.

தீரும் கையிருப்பு

அரைவாழ்வுக் காலம் என்னும் கருத்து கதிரியக்கத்திலிருந்து நமக்குப் பழக்கமானது. அங்கே சிதைவு அணுவின் உள்ளியல்பு, சூழலால் மாறாது. நிலத்தடியில் பென்சீனின் சிதைவு அத்தகையதன்று. நுண்ணுயிர் பென்சீனை உண்ண வேண்டுமானால், அதிலிருந்து பெறும் எலக்ட்ரான்களை ஏற்றுக்கொள்ள வேறொரு பொருள் வேண்டும். முதலில் நீரில் கரைந்த ஆக்சிஜன் அவ்வேலையைச் செய்கிறது. எண்ணெய்க்கு அருகில் அது விரைவில் தீர்ந்துவிடும். பிறகு மணலில் படிந்துள்ள மாங்கனீசு, இரும்பு ஆகியவற்றின் ஆக்சைடுகள் அப்பணியை ஏற்கின்றன. அவையும் குறைந்த இடத்தில் மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் ஆட்சி பெறுகின்றன. அங்கே சிதைவு பொதுவாக மெதுவாக நடக்கும்.

பெமிட்ஜிக்காக ஹெட்டி எசெய்ட் உள்ளிட்ட நிலவியல் அளவைத் துறை ஆய்வாளர்கள் உருவாக்கி 1995இல் வெளியிட்ட இருபரிமாண மாதிரி, இவ்வரிசையை அப்படியே கணக்கில் கொண்டது. ஒற்றை அரைவாழ்வுக் காலத்துக்கு மாற்றாக ஒவ்வொரு வகை நுண்ணுயிரின் வளர்ச்சியும் அதன் உணவும் தனித்தனியே கணிக்கப்பட்டன. அம்மாதிரியின்படி, நீர்த்தாங்கிக்குள் புகுந்த கரைந்த கரிமக் கார்பனில் 46 விழுக்காடு சிதைந்தது. சிதைந்த பகுதியில் ஆக்சிஜன் வழி நிகழ்ந்தது 40 விழுக்காடு. மாங்கனீசு வழி 5, இரும்பு வழி 19, மீத்தேன் உருவாக்கத்தின் வழி 36 விழுக்காடு. ஆக்சிஜன் இல்லாத இடத்திலேயே பாதிக்கு மேற்பட்ட சிதைவு நிகழ்ந்தது என்னும் முடிவு அக்காலத்தில் முதன்மையானதாக இருந்தது. அளபுருக்களில் கணிசமான உறுதியின்மை உண்டு என்பதையும், மாதிரி தாரையின் பொதுவான இயல்புகளை மீட்டுருவாக்குகிறது என்பதையும் ஆசிரியர்கள் அதே ஆய்வுரையில் சேர்த்தே கூறினர். பின்னாளில் இவ்வகை எண்களை எடுத்தாள்வோர் முதற்கூற்றை விட்டுவிடுவது உண்டு.

இரும்பின் பங்கான அந்த 19 விழுக்காட்டை நின்று நோக்க வேண்டும். ஆக்சிஜன் மழைநீரோடும் மேலிருந்து வரும் நிலத்தடி நீரோடும் புதுப்பிக்கப்படுகிறது. குறைவாயினும் வரவு உண்டு. இரும்பு ஆக்சைடு மணற்பரலின் மேல் பூச்சாகப் பனியாற்றுக் காலம் முதல் இருந்துவரும் வைப்பு. எண்ணெய் சூழ்ந்த நிலையில் அதற்குச் செலவு உண்டு, வரவு இல்லை. மாறாத அரைவாழ்வுக் காலத்தை மாதிரியில் இடுபவர், அறிந்தோ அறியாமலோ, இந்த வைப்பு என்றும் குறையாது என்று கூறுகிறார். ஐந்தாண்டு அளவீடுகளோடு அம்மாதிரியைப் பொருத்தினால் நன்றாகவே பொருந்தும். ஏனெனில் அந்த ஐந்தாண்டுகளில் வைப்பு இருந்தது. பொருத்தம் நன்றாக அமைந்ததே முன்கணிப்புக்குச் சான்றாகாது. இறந்தகாலத்தோடு ஒரே அளவில் பொருந்தும் இரு மாதிரிகள் எதிர்காலத்தில் வெவ்வேறு திசைகளில் பிரியலாம்.

கிணறு காட்டாதது

இது வெறும் தருக்கமன்று. 16 ஆண்டு அளவீடுகளைத் திரட்டி இசபெல் கோசரெல்லி உள்ளிட்டோர் 2001இல் வெளியிட்ட ஆய்வு இதைக் களத்தில் காட்டியது. கண்காணிப்புக் கிணறுகளின்படி, 1992க்கும் 1995க்கும் இடையில் தாரையின் முனை நகரவில்லை. ஒழுங்குமுறை அலுவலர் எவரும் இதைக் கண்டு, 'தாரை நிலைபெற்றுவிட்டது. இயற்கையே தூய்மை செய்கிறது' என்று கோப்பை மூடியிருப்பர். ஆனால் நீர்த்தாங்கியிலிருந்து வெட்டி எடுத்த மண் உருளைகளை நெருங்கிய இடைவெளிகளில் பகுத்து, அவற்றின் துளைநீரைத் தனித்தனியே ஆராய்ந்தபோது வேறொரு செய்தி கிடைத்தது. இரும்பு ஆக்சைடு தீர்ந்துகொண்டிருந்த மெல்லிய அடுக்குகள் வழியே தாரை மெதுவாக வளர்ந்துகொண்டிருந்தது. கிணற்றுத் தரவின்படி எண்ணெயை விட்டு நகரவில்லை என்று கருதப்பட்ட ஆர்த்தோ-சைலீனும் அவ்வடுக்குகளில் நகர்ந்திருந்தது. கரைந்த இரும்பு உச்ச அளவில் உள்ள பகுதி ஆண்டுக்கு ஏறத்தாழ 3 மீட்டர் வீதம் விரிந்தது.

இரு அளவீடுகளும் சரியானவையே. கண்காணிப்புக் கிணறு தன் துளைக்குழாயின் நீளத்தில் உள்ள நீர் முழுவதையும் கலந்து தருகிறது. சென்டிமீட்டர் அளவிலான மாற்றம் அந்தச் சராசரியில் கரைந்துவிடும். மாதிரியை இத்தகைய தரவைக்கொண்டே அளவுத்திருத்தம் செய்தால், கிணற்றுக்குத் தெரியாதது மாதிரிக்கும் தெரியாது. கட்டங்களை எவ்வளவு நுண்மையாகப் பகுத்தாலும் இக்குறை தீராது. விலையுயர்ந்த மென்பொருளும் பெரிய கணிப்பொறியும் இங்கே உதவா. மண் உருளை ஒன்று உதவும்.

இரும்பின் செலவுக்கு இன்னொரு விளைவும் உண்டு. நிலத்தில் இயற்கையாகவே உள்ள ஆர்செனிக், இரும்பு ஆக்சைடுகளின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். அவ்வாக்சைடு கரையும்போது ஆர்செனிக்கும் நீருக்கு வரும். பெமிட்ஜியின் ஆக்சிஜனற்ற தாரைப் பகுதியில் ஆர்செனிக் லிட்டருக்கு 200 மைக்ரோகிராமுக்கு மேல் அளக்கப்பட்டுள்ளது. குடிநீர் வரம்பு 10. கச்சா எண்ணெய் ஆர்செனிக்கைக் கொண்டுவரவில்லை. எண்ணெயைச் சிதைக்கும் செயலே அதை விடுவித்தது. பென்சீனை மட்டும் கணிக்கும் மாதிரியில் இக்கேடு இடம்பெற வழியே இல்லை. எண்ணெய் முற்றிலும் சிதையாமல் பாதி மாறிய நிலையில் உண்டாகும் கரைந்த கரிமப் பொருள்களும் பென்சீன் தாரையைக் கடந்து செல்கின்றன. எந்தப் பொருளை மாதிரியில் சேர்ப்பது என்பது கணக்குக்கு முன்னரே எடுக்கப்படும் முடிவு. அறிக்கையின் வரைபடம் எவ்வளவு தெளிவாக இருப்பினும், அம்முடிவு அதில் தெரிவதில்லை.

மணலிலிருந்து சுண்ணாம்புப் பாறைக்கு

பெமிட்ஜியின் மணல் மாதிரியாக்கத்துக்கு இணங்கிய நிலம். தமிழ் பேசும் நிலப்பரப்பில் நிலத்தடி எண்ணெய் மாசு நீதிமன்றம் வரை சென்ற இடங்களுள் ஒன்றான சுன்னாகத்தின் நிலம் அத்தகையதன்று. சுன்னாகம் அனல் மின்நிலையப் பகுதியிலிருந்து எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்தது தொடர்பான வழக்கில், இலங்கையின் மிக உயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. மின் உற்பத்தி நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிடப்பட்டது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் கிணற்று நீரே. ஆதலின், மாசு எந்தக் கிணறுவரை சென்றது என்னும் வினா அங்கே குடிநீர், வேளாண்மை, இழப்பீடு ஆகிய மூன்றையும் ஒருங்கே தொடுகிறது.

குடாநாட்டின் அடியில் இருப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் அதைக் கரைத்துப் பிளவுகளும் குகைவழிகளும் உண்டாக்கியுள்ளது. நிலாவரைக் கிணறும், கடலோரத்தில் நன்னீர் ஊறும் கீரிமலைக் கேணியும் அவ்வழிகளின் வெளித்தோற்றங்கள். இத்தகைய பாறையில் நீர் இரு வேகங்களில் செல்கிறது: நுண்துளைகளில் மெதுவாகவும், குகைவழிகளில் ஓடைபோல விரைந்தும். தார்சியின் விதி முதலாவதற்கு மட்டுமே பொருந்தும். அண்டை வீட்டுக் கிணறு தூய்மையாக இருக்க, தொலைவிலுள்ள கிணற்றில் எண்ணெய் வாடை வருவது மணலில் வியப்பு, இங்கே எதிர்பார்க்கத்தக்கது. எனவே 'அருகிலுள்ள கிணற்றில் இல்லை. ஆகவே அப்பால் உள்ளது வேறு மூலத்தினது' என்னும் வாதம் மணலில் பெறும் வலிமையைச் சுண்ணாம்புப் பாறையில் பெறாது.

குழாய்போன்ற ஓட்டத்தைக் கணிக்க 'மோட்ஃப்ளோ'வுக்கு 2008இல் ஒரு தனிக்கூறு சேர்க்கப்பட்டது. ஆயினும் வழிகள் எங்கே உள்ளன என்பதைப் பயனர்தான் சொல்ல வேண்டும். நிரல் அதைக் கண்டுபிடிக்காது. அதைச் சொல்லத் தீங்கற்ற சாயத்தை ஒரு கிணற்றில் இட்டு மற்றவற்றில் அது தோன்றும் நேரத்தை அளக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும், மழையின் நடுவிலும், அதன் பின்னும் அதே கிணறுகளில் மாதிரிநீர் எடுக்க வேண்டும். ஏனெனில் நீர்மட்டம் உயரும்போது வறண்டிருந்த பிளவுகள் ஓடத் தொடங்கி, பாறையின் மேற்பகுதியில் ஒட்டியிருந்த எண்ணெயும் அசையும். கோடையில் ஒருமுறை மட்டும் எடுத்த நீர் தூய்மையாக இருந்தது என்னும் அறிக்கை, அக்கோடையில் நீர்மட்டம் எங்கே நின்றது என்பதையும் சேர்த்துச் சொன்னால் மட்டுமே மாதிரிக்குள் இடத்தக்க தரவாகும்.